குறைந்தால் நல்லதுதானே?

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நோயாளியின் அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் என்பன அவை. இக்குறளைப் பல்லாண்டுகளாக யாம் வகுப்பில் நடத்தி வருகிறோம். நான்காம் உறுப்பாகிய துணைவரின் இலக்கணத்தை மாணவர்க்கு விரித்துரைத்திருக்கிறோம். தேர்விலும் வினாவாகக் கேட்டிருக்கிறோம். எம் சொந்த இல்லத்தில் அந்நான்காம் உறுப்பு யாமே என்பதும், அவ்வுறுப்பு தன் கடமையில் தவறியிருந்தது என்பதும் 2018ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில்தான் எமக்கு விளங்கின.

ஒரு நோன்பின் மாலைப்பொழுது

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள வாலிகண்டபுரம் எம் சொந்த ஊர். வாலீசுவரர் கோயிலின் கல்வெட்டுகளாலும், 1751ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வட்டாரத்தில் மோதிக்கொண்ட போராலும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் அப்பகுதியில், அத்தா மறைந்த பின்னும் பழைய வீட்டைவிட்டு வர மனமின்றி எம் அன்னையார் தங்கையின் துணையோடு வாழ்ந்து வந்தார். பணியின் பொருட்டு வெளியூரில் குடியிருந்த யாம், கோடை விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம்.

அன்னையார்க்கு அப்போது அகவை அறுபத்தாறு. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. எனினும் நோன்பை மட்டும் அவர் விட்டதில்லை. அவ்வாண்டு ரமலான் கத்திரி வெயிலில் வந்தது. ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம் நீரும் அருந்தாமல் இருக்கவேண்டிய பகற்பொழுது. அதற்கு ஒரு திங்கள் முன்னர்தான் ஒரு மருத்துவமனையில் அவருடைய மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தனர். நோன்பு வரவிருக்கிறதே என்று அவர்களும் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை. அங்கே கொடுத்த ஆங்கிலத் தாளில் சர்க்கரை அளவுக்குமீறிக் குறைந்தால் தோன்றும் அறிகுறிகள் ஒரு மூலையில் அச்சாகியிருந்தன. அதனைப் படித்தோம், மடித்துப் பையில் வைத்தோம். அன்னையாரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை.

பத்தாம் நோன்பன்று நண்பகலில் தங்கையின் மகன் வீட்டிலிருந்த கருவியால் பாட்டியின் விரலில் குத்திப் பார்த்தான். கருவி அறுபத்தெட்டு என்று காட்டியது. நூற்றெண்பதுக்குக் குறைவாக ஒருநாளும் கண்டறியாத அன்னையார் முகமலர்ந்து, “தம்பி, பாத்தியா, அறுபத்தெட்டு!” என்றார். யாமும் மகிழ்ந்து, “மாஷா அல்லாஹ்” என்றோம். இச்சொல்லை எண்ணுந்தோறும் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சியோடு திரும்பினோம். அடுக்களைச் சுவரில் சாய்ந்தபடி அன்னையார் அமர்ந்திருந்தார். உடல் வியர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. அழைத்தால் சொல் குழறியது. வெயிலின் மயக்கம் என்றாள் தங்கை. நோன்பின் களைப்பு என்றார் அண்டை வீட்டார். முகத்தில் நீர் தெளித்து விசிறியதில் சிறிது நேரம் வீணாயிற்று. பின்னர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் சென்றோம். அங்கே சோதித்தபோது கருவியில் தோன்றிய எண் நாற்பத்தாறு. நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றியதும் சற்று நேரத்தில் கண்விழித்து, “மஃரிபு பாங்கு சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார்.

அன்றிரவு அங்கிருந்த செவிலியர், “கை நடுங்கினப்பவே ஏம்மா சொல்லல?” என்று வினவினார். அன்னையார் சொன்ன மறுமொழி இது:

“சர்க்கரை குறையணும், குறையணும்னுதானே பன்னெண்டு வருசமா எல்லாரும் சொல்றீங்க. குறைஞ்சா நல்லதுதானே? நோன்போட பரக்கத்துல குறையுதுன்னு நெனச்சேன்.”

செவிலியர் எம்மைப் பார்த்தார். யாம் தலைகுனிந்தோம்.

‘குறை’ என்னும் சொல்

அவ்விரவு உறக்கம் வரவில்லை. பல்பொருள் ஒருமொழியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகின்ற யாம், ஒரு சொல் எம் அன்னையார்க்கு என்ன பொருள் தந்து வந்திருக்கிறது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக எண்ணிப் பார்த்ததில்லை. நம் மக்கள் வழக்கில் சர்க்கரை என்பது டப்பாவில் இருக்கும் பண்டத்திற்கும் பெயர். குருதியில் ஓடும் பொருளுக்கும் பெயர். நோய்க்கும் அதுவே பெயர். ‘சர்க்கரையைக் குறையுங்கள்’ என்பது மூன்றிற்கும் பொதுவான கட்டளையாகிவிடுகிறது. நோய் குறைவது நன்மை. பண்டத்தைக் குறைப்பதும் நன்மை. குருதியில் அஃது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மட்டும் உயிருக்கே கேடு. மிகுதியால் வரும் தீங்கு பல ஆண்டுகள் கழித்துத் தாக்கும். குறைவால் வரும் தீங்கோ சில மணித்துளிகளில் வீழ்த்திவிடும். இந்த வேறுபாட்டை அவர்க்கு எவரும் அவருடைய மொழியில் எடுத்துரைக்கவில்லை. மருத்துவரின் குறிப்பு ஆங்கிலத்தில் நின்றது. எம் அறிவு சட்டைப்பையில் நின்றது.

இவ்வாறு எங்கும் நடப்பதுதானா, இதற்கு எவரேனும் வழி கண்டிருக்கின்றனரா என்று அறியும் ஆவலில் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். அத்தேடலில் எம்மை வியப்பில் ஆழ்த்தியது ஜப்பான் நாடு.

மருத்துவர்கள் ஆடிய நாடகம்

ஜப்பானின் நாகானோ மாநிலம் மலைகள் சூழ்ந்தது. அங்குள்ள சாகு என்னும் வட்டாரத்தின் சிறிய மருத்துவமனைக்கு 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வகாட்சுகி தொஷிகாசு என்னும் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். தோக்கியோவில் பயின்ற அவர், தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்தமைக்காகப் போர்க்கால அரசால் சிறைவைக்கப்பட்டவர். மலைநாட்டு உழவர்கள் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருவதை அவர் கண்டார். எனவே, ஓய்வு நாள்களில் துணையாளரோடு தாமே சிற்றூர்களுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கலானார்.

அங்கே மறைந்து கிடந்த நோய்களை அவர் இருவகையாகப் பகுத்தார். ஒன்று, நோய் இருப்பதையே அறியாதிருத்தல். மற்றொன்று, அறிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருத்தல். இப்பகுப்பைப் படித்தவுடன் எம் கண்முன் அடுக்களைச் சுவரில் சாய்ந்திருந்த அன்னையாரே தோன்றினார். அவர் இரண்டு வகையிலும் அடங்கியவர் அல்லரோ?

வகாட்சுகி சொற்பொழிவை நம்பவில்லை. மருத்துவர்களையும் செவிலியரையும் மருத்துவமனை ஊழியரையும் கொண்டு ஒரு நாடகக் குழுவை அமைத்தார். பகலில் நோயாளிகளைப் பார்ப்பது. மாலையில் அவ்வூர் மக்கள்முன் நாடகம் ஆடுவது. நாடகக் கதைகளை அவரே எழுதினார். நோய் வரும் வழியும் அதனைத் தடுக்கும் முறையும் உழவர் வீட்டுப் பேச்சிலேயே மேடையேறின. அறிவுரை கேட்க வராத ஊர், நாடகம் பார்க்கத் திரண்டு வந்தது. கூத்தும் வில்லுப்பாட்டும் கண்ட நம் தமிழ் மண்ணுக்கு இதன் ஆற்றலைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1959ஆம் ஆண்டு முதல் யாச்சிஹோ என்னும் சிற்றூரின் மக்கள் அனைவரையும் ஆண்டுதோறும் சோதித்து, ஒவ்வொருவர்க்கும் ஓர் உடல்நலக் குறிப்பேடு வழங்கும் பணி தொடங்கியது. அக்குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கி ஆராயப்பட்டன. 1982இல் ஜப்பான் அரசு இயற்றிய முதியோர் நலச் சட்டம் நாற்பது வயது கடந்தோர்க்கு நாடெங்கும் உடற்சோதனையைக் கொண்டுவந்தபோது, இச்சிற்றூரின் பட்டறிவு அதற்கு முன்னோடியாக நின்றது. 1976இல் வகாட்சுகிக்கு மகசாசே விருது கிடைத்தது. 2006இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தார்.

நாகானோவின் உணவு ஒருகாலத்தில் உப்பு மிகுந்தது. நீண்ட பனிக்காலத்திற்கென உப்பிலிட்ட காய்களும், நாள்தோறும் பலமுறை பருகும் மிசோ சாறும் அங்கே வழக்கம். பக்கவாதத்தால் இறந்தோர் தொகையும் மிகுதி. அங்கே ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். சாற்றில் உள்ள உப்பை அளந்து காட்டினர்; காய்கறியைக் கூட்டி உப்பைக் குறைக்கும் சமையலைச் செய்து காட்டினர். 2010ஆம் ஆண்டுக் கணக்கில், ஜப்பானின் நாற்பத்தேழு மாநிலங்களுள் ஆடவர், பெண்டிர் ஆகிய இருபாலாரின் வாழ்நாளிலும் நாகானோவே முதலிடம் பெற்றது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், அடுக்களையில் புகுந்த கல்விக்கும் அதில் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

இதுபோன்ற கல்வியின் பயனை அளந்தறியவும் அந்நாட்டார் முயன்றனர். 1996ஆம் ஆண்டு 59 மருத்துவமனைகளில் 2,033 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினர்க்கு வழக்கமான மருத்துவம். மற்றொரு பகுதியினர்க்கு அதனுடன் உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியன பற்றித் தொலைபேசி வழியாகவும் தொடர்ந்த அறிவுரை. 2010இல் முடிவு வெளியாயிற்று. அறிவுரை பெற்றோர்க்குப் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மாரடைப்பிலும் கண், சிறுநீரகக் கேடுகளிலும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை என்பதையும் ஆய்வாளர் மறைக்காமல் எழுதினர். இந்நேர்மையும் எம்மைக் கவர்ந்தது. சொல் எல்லாவற்றையும் குணப்படுத்திவிடாது. ஆயினும், மாத்திரையோடு சேர்ந்த சொல் மாத்திரை மட்டும் செய்ய இயலாத ஒன்றைச் செய்கிறது.

சென்னையும் இலண்டனும்

ஜப்பானைப் புகழ்வதால் நம் தமிழகம் இத்துறையில் பின்தங்கியது என்று எவரும் கருதவேண்டா. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கண்காணித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் தோன்றும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. 2013இல் அக்குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. பணிபுரியும் ஆடவர் 537 பேருள் ஒரு பகுதியினர்க்குக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் அடிக்கடி அனுப்பப்பட்டன. ஈராண்டுகளில் செய்தி பெறாதவருள் 27 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். செய்தி பெற்றவருள் 18 விழுக்காட்டினரே ஆளாயினர். ஈரடிக் குறள் போன்ற சிறு செய்திக்கு இத்துணை வலிமை!

எம் இல்லத்து இடர்ப்பாட்டுக்கு நேரிய விடை, நோன்பு பற்றிய ஆய்வுகளில்தான் கிடைத்தது. 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமலானில் பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அம்மாதத்தில் அவர்களிடையே ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. அன்னையார்க்கு நேர்ந்தது தனியொருவரின் தீயூழ் அன்று என்பதை அறிந்தோம்.

2010இல் இலண்டனிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு சிறியது. 111 பேரைக் கொண்டது. ரமலானுக்கு முன்னரே உணவு, மருந்து, சோதனை ஆகியன பற்றி வகுப்பு நடத்தப்பெற்றவர்களிடம் சர்க்கரை தாழ்ந்த நிகழ்வுகள் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. வகுப்புக்கு வராதவர்களிடம் அவை ஒன்பதிலிருந்து முப்பத்தாறாக உயர்ந்தன. இரு சாராரும் நோற்றது ஒரே நோன்பு. வேறுபாடு, முன்கூட்டிச் சொல்லப்பட்ட சில சொற்களில் இருந்தது. 2016இல் வெளியாகிப் பின்னர் 2021இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி நூலும், நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

மசலாவாக மாறிய துண்டறிக்கை

2019ஆம் ஆண்டு ரஜபு மாதத்தில், எம் ஊர்ப் பள்ளிவாசலில் வழங்குவதற்கென ஒரு துண்டறிக்கை எழுதினோம். ‘குருதிச் சர்க்கரைத் தாழ்நிலையின் அறிகுறிகளும் அவற்றைக் களையும் நெறிமுறைகளும்’ என்று தலைப்பிட்டு, பிழையற்ற செந்தமிழில் இரண்டு பக்கம் எழுதி, முதலில் அன்னையார்க்குப் படித்துக் காட்டினோம். அவர் இறுதிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு தம்பி. இது யாருக்குப் பரீட்சை?” என்றார்.

நாணத்தோடு தாளை மடித்தோம். “நீங்களே சொல்லுங்கள் அம்மா” என்றோம். அவர், “எனக்கு என்ன சந்தேகம் இருந்துச்சோ அதைக் கேள்வியா எழுது. அந்த நர்ஸம்மா சொன்னதைப் பதிலா எழுது” என்றார்.

அப்போதுதான் எமக்குப் பொறி தட்டியது. கேள்வியும் விடையுமாக அறிவைப் புகட்டும் முறை நம் இசுலாமியத் தமிழ் முன்னோர்க்குப் புதியதன்று. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ‘ஆயிரமசலா’, வினாவும் விடையுமாக அமைந்த நூலன்றோ? முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகிய அதனை ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்தும் எமக்கு, அவ்வடிவம் இன்றைய இல்லத்துக்கு உதவும் என்பது அதுவரை தோன்றவில்லை. அன்னையார் கேட்க, யாம் எழுதினோம். பெரம்பலூர் மருத்துவர் ஒருவர் மருத்துவச் செய்திகளைச் சரிபார்த்தார். மார்க்கச் செய்திகளைப் பள்ளிவாசல் ஹஜ்ரத் பார்த்துக் கொடுத்தார். அச்சான மசலாக்களுள் சில:

சர்க்கரை குறைந்தால் நல்லதுதானே? எழுபது வரை நல்லது. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து.

ஆபத்து வந்ததை எப்படி அறிவது? வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், பேச்சு குழறும்.

அப்போது என்ன செய்வது? உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

முந்நூறுக்கு மேலே போனால்? அப்போதும் நோன்பைத் திறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா? முறியாது.

நோன்புக்காக மாத்திரையை நாமே நிறுத்தலாமா? கூடாது. எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

மருத்துவர் நோன்பு வேண்டாம் என்றால்? நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களைப் பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் இதனை எடுத்துப் படித்தார். தொழுகை முடிந்ததும் வாயிலில் நின்ற முதியவர் ஒருவர், “போன வருசம் எனக்கும் இப்படித்தான் கை நடுங்குச்சு” என்றார். மற்றொருவர், “எனக்கும்” என்றார். இத்தனை பேர் ஒரே சுவரில் சாய்ந்திருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்திருக்கின்றனர்.

கடைசி மசலா

மேற்கண்ட கடைசி மசலாவின் விடை, அதனைச் சொல்லிக் கொடுத்தவர்க்கே முதலில் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மருத்துவர் அன்னையாரைச் சோதித்து, சிறுநீரகமும் தளர்ந்திருப்பதால் இனி நோன்பு வேண்டா என்று கூறிவிட்டார். அவர் எம்மோடு ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. அறுபது ரமலான்களைக் கண்டவர். பிள்ளைப்பேற்றுக் காலங்களில் விடுபட்டவற்றைக்கூட எண்ணி எண்ணி நோற்று முடித்தவர். இரவில் சென்று அருகமர்ந்தோம். வசனங்களின் எண்களை யாம் சொல்லவில்லை. அவை அவர்க்கு எம்மினும் நன்கு தெரியும். சற்று நேரங்கழித்து, “சலுகையும் அவன் தந்ததுதானே தம்பி. வேண்டாம்னு சொன்னா அது மரியாதையா?” என்று அவரே கேட்டார், கேட்டுவிட்டு அழுதார்.

அந்த ரமலான் முதல் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளித்து வருகிறார். ஸஹருக்கு எல்லாரையும் எழுப்புபவர் இன்றும் அவரே. மஃரிபு பாங்கு ஒலிக்கையில் எங்களோடு அமர்ந்து, முதற்கவளத்தை எங்களோடு எடுக்கிறார். எழுபதைக் கடந்த அவர், நடுங்கும் கை எவருடையது என்று அத்தெருவில் முதலில் கண்டறிபவராகவும் விளங்குகிறார். நாகானோவின் ஊர்ப் பெண்கள் செய்த பணியை, அப்பெயரையே கேட்டறியாத ஒருவர் வாலிகண்டபுரத்தில் செய்துவருகிறார். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர் மாத்திரையோடு வாயிலுக்கு வரும்போதும், “எங்க தெருவுல யாருக்குக் குறைஞ்சிருக்கு?” என்று அன்னையார் கேட்கத் தவறுவதில்லை.

தமிழ்த்துறை மாணவச் செல்வங்களே! மருத்துவம் நமக்குத் தொடர்பற்ற துறை என்று எண்ணிவிடாதீர்கள். வள்ளுவர் கூறிய நான்கு உறுப்புகளையும் இணைக்கும் நரம்பாக நிற்பது மொழி. மருத்துவர் அறிந்ததை நோயாளியின் அடுக்களைவரை கொண்டுசெல்லும் பணிக்குத் தமிழ் பயின்றோரே உரியர். உங்கள் இல்லத்தில் மாத்திரை உண்ணும் பெரியவர் ஒருவர் இருப்பார். இன்று மாலை அவரருகே அமர்ந்து, அந்த மாத்திரையைப் பற்றி அவர் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். யாம் பன்னிரண்டு ஆண்டுகள் கேளாதிருந்த வினா அது.

எல்லா நோய்க்கும் நலமளிக்கும் வல்ல அல்லாஹ், நம் அன்னையர்க்கு நீண்ட ஆயுளையும், அவர்தம் மொழியைக் கேட்கும் செவிகளை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.